பதினொரு கிலோ இருநூறு

கோமு தண்ணீரில் போய் ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்த பிறகு, தை மாதத்தின் முதல் புதன்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, ஏழாம்பாறை பால்வாடியில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் வரிசையின் கடைசியில் கோமு வந்து நின்றாள்.

அன்றைக்கு இருபத்திரண்டு பிள்ளைகள். சந்தனமாரி டீச்சர் ஒவ்வொன்றாகத் தூக்கி, உத்தரத்தில் தொங்கும் தராசின் துணித்தொட்டிலில் உட்காரவைத்து, முள் ஆடி அடங்கும்வரை பிள்ளையின் கவனத்தை வேறெங்காவது திருப்பி, எண்ணை உரக்கச் சொன்னாள். உதவிக்கு இருந்த பாக்கியத்தாய் அதை நோட்டில் எழுதினாள். இருபத்திரண்டு முடிந்து இருபத்துமூன்றாவதைத் தூக்கும்போதுதான் கையெல்லாம் ஈரமானது. மஞ்சள் கவுன், ஒரு பக்கம் அவிழ்ந்த சடை, காதில் சின்னப் பொட்டுக் கம்மல். கவுனின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சருக்குக் கை பழகிய வேலை என்பதால் கை நிற்கவில்லை. தொட்டிலில் வைத்தாள். முள் ஆடி அடங்கியது.

"பதினொரு கிலோ இருநூறு" என்றாள்.

பாக்கியத்தாய் எழுதவில்லை. "டீச்சர், இது கோமுல்லா" என்றாள்.

"ஆமா."

"பேர அடிச்சாச்சே."

"அடிச்சாச்சு" என்றாள் டீச்சர். "ஒரு தனித்தாள்ல எழுதி வை."

அப்படித்தான் அது தொடங்கியது. தொட்டிலிலிருந்து இறக்கிவிட்டதும் கோமு யாரையும் பார்க்காமல், சமையல்கட்டைத் தாண்டிப் பின்வாசல் வழியாக இறங்கி, உடைமரங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்து, பழைய கல்குவாரிப் பக்கமாக மறைந்துபோனாள். சிமெண்டுத் தரையில் அவளுடைய சின்னப் பாதங்கள் விட்டுப்போன ஈரம் மட்டும் சாயங்காலம்வரை காயவில்லை.

ஊர் முதலில் பயந்தது. இரண்டு நாள் பிள்ளைகளை யாரும் பால்வாடிக்கு அனுப்பவில்லை. மூன்றாம் நாள் குறி சொல்லும் கோடாங்கியை அழைத்து வந்தார்கள், அவர் உடுக்கை அடித்து, கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "பிள்ளை எடை பாக்க வருது, வேறென்னத்துக்கும் வரல, எல்லாப் பிள்ளையும் வாற எடத்துக்கு அதும் வருது, அத நான் எப்படித் தடுக்க?" என்று சொல்லிவிட்டு உடுக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஊருக்கு அது ஒரு மாதிரிப் பிடிபட்டது. மாசி மாதப் புதன்கிழமை ஒருத்தி துவட்டத் துண்டு கொண்டு வந்தாள். இன்னொருத்தி அவித்த முட்டை கொண்டு வந்தாள். துவட்டத் துவட்டத் தலை மறுபடி ஈரமானது. முட்டையைக் கோமு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. மாதா மாதம் வரும் நர்சம்மா அவளுடைய கைச் சுற்றளவை நாடாவால் அளந்தார், நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், நோட்டைத் திறந்தார், எதுவும் எழுதாமல் மூடினார். மேலிடத்திலிருந்து வந்த சூப்பர்வைசரம்மா, பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கு எடை பார்ப்பது முறையில்லை என்று சொல்லிக்கொண்டே வரிசையின் கடைசிக்கு வந்தபோது, பிள்ளை இரண்டு கையையும் தூக்கி நின்றதைப் பார்த்து, தானே தூக்கித் தொட்டிலில் வைத்தார். பதினொரு கிலோ இருநூறு. சேலை முன்பக்கமெல்லாம் நனைந்துபோய் ஜீப்பில் ஏறிப் போனவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கோமுவின் அம்மா ஆவுடை மட்டும் எடை பார்க்கும் ஒவ்வொரு புதன்கிழமையும் காலை எட்டு மணிக்கே வந்து வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்களைப்போல அவளும் பீடி சுற்றுகிறவள். மடியில் முறம் இருக்கும், இலை இருக்கும், தூள் இருக்கும், கை மட்டும் ஓடாது. புருஷன் கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தான். மகள் வருகிற சேதி கேட்டு ஒரு தடவை எடை பார்க்கும் நாளில் வந்து பார்த்தான், பிள்ளை தன்னைத் தாண்டிப் போனதைத் தாங்க முடியாமல் மறுநாள் பஸ் ஏறிவிட்டான். பிள்ளை அம்மாவையும் பார்க்கவில்லை. ஆவுடை முன்னால் போய் உட்காருவாள், "கோமு, யாத்தா, அம்மா வந்திருக்கேன்" என்பாள், கன்னத்தைத் தொடுவாள். பிள்ளை வரிசையில் தனக்கு முன்னால் நிற்கும் பிள்ளையின் பிடரியையே பார்த்துக்கொண்டிருக்கும். எடை பார்த்து முடிந்ததும் ஆவுடை டீச்சரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"கூடிருக்கா டீச்சர்?"

"இல்ல ஆவுடை. அதே எடைதான்."

"வீட்டுல இருக்கும்போது நல்லாத்தான சாப்பிட்டா. அங்க யாரு என்னத்த குடுக்காளோ" என்று சொல்லிவிட்டு அவள் முறத்தை எடுத்துக்கொண்டு போவாள். டீச்சர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆவுடையின் முகத்தைப் பார்க்க முடியாத காரணம் ஒன்று டீச்சரிடம் இருந்தது.

ஊருக்குத் தெரிந்த கதை இது: கோமு எடைக்கு வரத் தொடங்கியதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் முந்தி, கார்த்திகை மாதத்தில் ஒருநாள், பீடிக் கம்பெனியில் கட்டுகளைச் சரிபார்த்துக் கொடுக்க நேரமாகிவிட்டதால், ஆவுடை பிள்ளையை அழைக்க மூன்று மணிக்கு வரவேண்டியவள் மூன்றரைக்கு வந்தாள், அதற்குள் பால்வாடி விட்டு எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், கோமுவும் மற்ற பிள்ளைகளோடு முன்கேட்டைத் தாண்டிப் போனதை டீச்சர் பார்த்திருக்கிறாள், அம்மாவைக் காணாமல் பிள்ளை வழிதவறிக் குவாரிக்குப் போய்விட்டது. மறுநாள் காலை குவாரித் தண்ணீரில் மஞ்சள் கவுன் தெரிந்தது. அந்த அரைமணி நேரத்தை ஆவுடை தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள். கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. மாமியார் சொன்னாள், நாத்தனார் சொன்னாள், தெருவில் போகிறவர்கள்கூட, "அரைமணி முன்ன போயிருந்தா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போனார்கள்.

சந்தனமாரிக்கு மட்டும் தெரிந்த கதை வேறு. அன்று பாக்கியத்தாய் லீவு. பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடிந்து பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் கணக்குகளைச் செல்போனில் ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் ஜன்னலோரம்தான் கிடைக்கும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். பின்வாசல் கதவின் தாழ்ப்பாள் கழன்று ஒரு மாதமாகிவிட்டது. எழுதிப் போட்டிருந்தாள், யாரும் வரவில்லை. தினமும் ஒரு கல்லை அண்டக்கொடுத்து வைப்பாள். அன்று வைத்தாளா இல்லையா என்று இன்றுவரை அவளுக்கு நினைவில்லை. இரண்டரை மணிக்குத் திரும்பிப் பார்த்தபோது கோமுவின் பாய் காலி, கதவு திறந்திருந்தது. வெளியே போய் இரண்டு தடவை கூப்பிட்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கத்தி ஊரைக் கூட்டினால் என்ன ஆகும் என்று பயந்தாள். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று ஒரு மணி நேரம் நின்றாள். மூன்றரைக்கு மூச்சிரைக்க ஓடிவந்த ஆவுடை, "கோமு எங்க டீச்சர்?" என்று கேட்டபோது, "எல்லாரும் போயாச்சே, அவளும் கேட்டத் தாண்டித்தான போனா" என்று அவள் வாய் சொன்னது. சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க ஒரு நிமிஷம் இருந்தது. அந்த ஒரு நிமிஷமும் போய்விட்டது.

ஆகவே ஊருக்கெல்லாம் பயம் தெளிந்த பிறகும் டீச்சருக்குத் தெளியவில்லை. மாதத்தில் இருபத்தொன்பது நாள் புதன்கிழமையை நினைத்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஈரமான அந்த உடம்பைத் தூக்கும்போதெல்லாம், இப்போது வாய் திறக்கும், இப்போது சொல்லிவிடும் என்று காத்திருந்தாள். கோமு எதுவும் சொல்லவில்லை. பின்வாசல் வழியாகத்தான் போனாள், ஒவ்வொரு மாதமும், எல்லோரும் பார்க்க, பின்வாசல் வழியாகத்தான். அது குவாரிக்குக் குறுக்குவழி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பங்குனி மாதம் கோமு புதிதாக ஒன்று செய்தாள். வரிசையில் தனக்கு முன்னால் நின்ற, செல்லக்கிளியின் மகன் அகிலனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அகிலனுக்கு அப்போது இரண்டரை வயது. அவன் பாட்டுக்கு நின்றான். அன்று மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்லக்கிளி, கோமு விரலைப் பிடித்தது ஏனோ மனதை அரிக்கவே, திரும்பி வந்து பார்த்தால், முற்றத்தில் மூடியில்லாத தரைத்தொட்டியின் விளிம்பில் அவன் குப்புறப் படுத்து, தலை உள்ளேயும் கால் வெளியேயுமாக, தண்ணீரில் தெரியும் தன் முகத்தைத் தொடக் கை நீட்டிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் போதும்.

சித்திரையில் இன்னொரு பிள்ளையின் விரல். அந்தப் பிள்ளை அன்று சாயங்காலம் வாயில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியதை அம்மா கண்டு விரலைவிட்டு எடுத்தாள். வைகாசியில் ஒரு பிள்ளை. விறகுக்கட்டுக்கு அடியில் விரியன் பாம்பு, கடிக்கும் முன் கண்டு அடித்தார்கள். ஆனியில் ஒரு கைக்குழந்தை. வயிற்றுப்போக்கு ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் கண் குழிந்துவிட்டது, முன்னேயே எச்சரிக்கையாக இருந்ததால் உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்தது.

ஏழாம்பாறை அந்த ஆறு மாதத்தில் மாறியதுபோல அதற்கு முன் மாறியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள், மண்ணெண்ணெய்க் கேனைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், பீடித்தூள் முறத்தைப் பிள்ளை தவழும் இடத்தில் வைக்காதீர்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள் என்று சந்தனமாரி பதினாறு வருஷமாகத் தாய்மார் கூட்டம் போட்டுச் சொன்னாள், படம் மாட்டினாள், பாட்டுக் கட்டிப் பாடினாள், பெண்கள் சுண்டலைத் தின்றுவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இப்போது ஒரு செத்த பிள்ளை ஒரு விரலைப் பிடித்தது, உடனே கொல்லர் வந்து கிணற்றுக்கு வலை அடித்தார்.

ஆனால் விரல் பிடிக்கப்பட்ட வீட்டில்தான் அதெல்லாம். பிடிக்கப்படாத வீடுகளில் வேறு ஒன்று நடந்தது, அதை டீச்சர்தான் முதலில் கண்டாள். புதன்கிழமை மத்தியானம் கோமு போன பிறகு, விரல் தப்பிய பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரு பெருமூச்சு விட்டார்கள். அந்த மூச்சு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆடியில் தடுப்பூசிக்கு ஏழு பேர் வரவில்லை; ஏன் என்று கேட்டு வீட்டுக்குப் போனபோது, "கோமு தொடலயே டீச்சர், ஊசியப் போட்டுப் பிள்ளைக்கு எதுக்குக் காய்ச்சல வரவழைக்கணும்?" என்றார்கள். ஆவணியில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் தெருவில் தனியாக அலைந்தன. ஒரு வயதுப் பிள்ளை அடுப்படியில் கொள்ளிக்கட்டையோடு விளையாடியது. அம்மா உள்ளே இலை வெட்டிக்கொண்டே, "ஒண்ணும் ஆவாது, இந்த மாசம் நம்ம பேரு இல்ல" என்றாள்.

"எளா செல்லக்கிளி" என்று டீச்சர் ஒருநாள் கேட்டாள், "அந்தத் தொட்டி மூடி எங்க?"

"ஆட்டுக்குட்டிக்குத் தடுப்பா வச்சிருக்கேன் டீச்சர். அவனத்தான் பங்குனியிலயே தொட்டுட்டாளே. ஒருதடவ தொட்ட பிள்ளைய மறுபடி தொட மாட்டா."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்லுதாவ."

ஐப்பசி முதல் புதன்கிழமை. விடாமல் நாலுநாள் பெய்த மழை அன்று காலையில்தான் வெறித்திருந்தது. கோமு வந்தாள், கடைசியில் நின்றாள், யாருடைய விரலையும் பிடிக்கவில்லை. வரிசை நகர நகர அம்மாக்கள் அவளுடைய இரண்டு கையையுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைகள் தொங்கியபடியே இருந்தன. பதினொரு கிலோ இருநூறு என்று டீச்சர் சொன்னதும் ஒரு சிரிப்பு எழுந்தது, பங்குனிக்குப் பிறகு முதன்முறையாக யாருக்கும் பயமில்லாத மாதம். எடை பார்க்கும் நாளில் பால்வாடி மத்தியானத்தோடு சரி, பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேசிக்கொண்டே கலைந்தார்கள். மழையில் நாலுநாள் ஓடாத பீடி வேலை குவிந்து கிடந்தது. பிள்ளைகளைத் தெருவில் இறக்கிவிட்டு முறத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

கோமு போகவில்லை. எல்லோரும் போன பிறகும் வெகுநேரம் பின்வாசல் படியில் நின்று, உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மாதத்தில் அவள் ஒரு முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. டீச்சரின் முகத்தை. பிறகு இறங்கி நடந்தாள்.

சந்தனமாரி அவள் பின்னால் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் இரண்டு வருஷமாக அவள் அந்தப் பாதையில் கால் வைத்ததில்லை; மற்றவர்கள் பிள்ளையைத் தேடி அந்தப் பக்கம் ஓடிய நாளில்கூட அவள் தெருப்பக்கம்தான் ஓடினாள். செருப்பைப் போடாமல் இறங்கினாள். முன்னால் மஞ்சள் கவுன் உடைமரங்களுக்கு நடுவே தெரிந்தும் மறைந்தும் போனது. பிள்ளை நேராகப் போகவில்லை. ஒரு வண்ணத்துப்பூச்சிக்காக நின்றது, குனிந்து எதையோ பொறுக்கியது, தேங்கிய தண்ணீரில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தது. பெரியவள் நடந்தால் ஐந்து நிமிஷம். அந்தப் பிள்ளைக்குக் கால்மணி நேரமானது. கால்மணி நேரம் என்று டீச்சர் மனதில் எண்ணிக்கொண்டாள். இரண்டரை மணிக்கு இந்தப் பாதையில் ஓடிவந்திருந்தால்? அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

குவாரியில் மழைத்தண்ணீர் மேல்படி வரைக்கும் ஏறியிருந்தது. விளிம்பில் மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தார்கள். அகிலன் தண்ணீருக்குள் நின்றான், வெட்டிய பாறையின் ஒரு திட்டில், தாடைவரைக்கும் தண்ணீர், அழவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் கத்திக்கொண்டே இறங்கினாள். முதல் படி வழுக்கியது, இரண்டாவது படியில் இடுப்பளவு, மூன்றாவதைக் கால் தேடியபோது அவன் திட்டிலிருந்து நழுவினான். அவள் முழுசாக உள்ளே போய், கண்ணைத் திறந்து, தண்ணீருக்குள் விரிந்திருந்த முடியைப் பிடித்து இழுத்தாள்.

மேலே கொண்டுவந்து கிடத்தி, முதுகைத் தட்டி, அவன் இருமி, வாந்தியெடுத்து, ஓவென்று அழத் தொடங்கிய பிறகுதான் அவள் நிமிர்ந்து கோமுவைப் பார்த்தாள். கோமு மற்ற இரண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களைப்போலவே கல் எறிந்துகொண்டிருந்தாள். டீச்சரையும் பார்க்கவில்லை, அகிலனையும் பார்க்கவில்லை. கல் விழுந்து வட்டம் விரிவதைப் பார்த்து, அடுத்த கல்லைத் தேடினாள். மூன்று வயதுப் பிள்ளை. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு விளையாட வந்த பிள்ளை.

சத்தம் கேட்டு ஊர் ஓடிவந்தது. செல்லக்கிளி மகனை அள்ளிக்கொண்டு, அழுது, அடித்து, முத்தமிட்டு, பிறகு சுற்றிலும் பார்த்தாள். பாறையில் அப்போது கோமு இல்லை, ஈரம் மட்டும் இருந்தது.

"அவ ஏன் சொல்லல?" என்றாள் செல்லக்கிளி. "இன்னைக்கு எம்பிள்ள விரலப் பிடிச்சிருக்கணுமா இல்லையா? எம்பிள்ள மேல அவளுக்கு என்ன கோவம்?"

"துணைக்குக் கூப்பிடுதாளோ என்னமோ" என்றாள் இன்னொருத்தி. "தனியாக் கெடக்காள்லா."

"அப்படின்னா இனிமே விடக்கூடாது. கோடாங்கிய வரச்சொல்லிக் கட்டிப்போடணும்" என்றது ஓர் ஆண்குரல். ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள். இத்தனை மாதமாகத் துண்டும் முட்டையும் கொண்டுவந்த கைகளெல்லாம் இப்போது ஆளாளுக்கு நீண்டு அந்த ஈரத்தைச் சுட்டிக்காட்டின.

ஆவுடை கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். பீடியிலை வெட்டும் கத்தரி இன்னும் கையில் இருந்தது. செத்துப்போன மகளுக்காகவும் ஊரிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராகிறவள்போலத் தலை குனிந்திருந்தாள். அதைப் பார்த்ததும் சந்தனமாரி எழுந்து நின்றாள்.

"அவளுக்கு மூணு வயசு" என்றாள். மறுபடி உரக்கச் சொன்னாள். "மூணு வயசுப் பிள்ள அது. நம்ம பிள்ளைகளப் பாத்துக்கிடுதது அதோட வேலையா? அது நம்ம வேலை. அதப் பாத்துக்கிடுதது என் வேலையா இருந்தது. நான் பாக்கல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அன்னைக்கு அவ முன்கேட்டுல போவல. பொய் சொன்னேன். பின்வாசல் வழியாப் போனா. நான் ஜன்னல் பக்கம் நின்னு போனுல எழுதிக்கிட்டு இருந்தேன். தாழ்ப்பாளு இல்ல. ரெண்டரைக்கே பாத்துட்டேன், பிள்ள இல்லன்னு. யாருகிட்டயும் சொல்லல. ஒரு மணிநேரம் சும்மா நின்னேன். ஆவுடை லேட்டா வந்ததுனால இல்ல. ஆவுடை மூணு மணிக்கு வந்திருந்தாலும் பிள்ள இருந்திருக்காது."

டீச்சரின் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆவுடை முன்னால் வந்தாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், டீச்சரும் நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். ஆவுடை அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள், வெகுநேரம், தெரியாத ஊரில் பஸ்ஸின் போர்டைப் பார்ப்பதுபோல. பிறகு திரும்பி, உடைமரங்களுக்கு நடுவே தனியாக நடந்து போனாள்.

டீச்சர் நடந்ததை நடந்தபடி எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினாள். சூப்பர்வைசரம்மா வந்து, அதை அவள் எதிரிலேயே இரண்டு தடவை வாசித்துவிட்டு, விசாரணை வரும் என்றார், வேறு ஆள் வரும்வரை வேலையைப் பார்க்கச் சொன்னார். ஏழாம்பாறைக்கு வர வேறு ஆள் சம்மதிக்கவில்லை. சிலர் ஒரு வாரம் பிள்ளைகளை அனுப்பவில்லை. பிறகு அனுப்பினார்கள், டீச்சரோடு பேசாமல் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டீச்சர் புதுத் தாழ்ப்பாளைத் தானே வாங்கி வந்து அடித்தாள். ஆண்கள் குவாரியிலேயே உடைந்து கிடந்த கற்களை அடுக்கிப் பள்ளத்தைச் சுற்றி மார்பளவு சுவர் கட்டினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருவன் போய் ஒரு கல்லைத் தூக்கிவைத்தான், மறுநாள் நாற்பது பேர் இருந்தார்கள். கல் சுமந்த பெண்களில் ஆவுடையும் இருந்தாள். அந்த மாதம் தொட்டிகளுக்கெல்லாம் மூடி வந்தது. பீடி சுற்றும் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, தெருவுக்கு ஒருத்தி வேலையை விட்டுவிட்டு எல்லோர் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். விடுபட்ட ஏழு ஊசியும் போடப்பட்டன. காய்ச்சல் வந்தது, போயிற்று.

கார்த்திகைப் புதன்கிழமை கோமு வந்தாள். யாருடைய விரலையாவது பிடித்தாளா என்று யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் கையைத் தானே பிடித்திருந்தாள். கடைசிப் பிள்ளையை டீச்சர் தூக்கக் குனிந்தபோது ஆவுடை வந்து, அவளை விலக்கிவிட்டு, தானே தூக்கித் தொட்டிலில் வைத்தாள். முள்ளைத் தானே பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. இறக்கிவிட்டதும் கோமு வழக்கம்போலப் பின்வாசலுக்குப் போய்ச் சாத்திய கதவின் முன்னால் நின்றாள். "இந்தப் பக்கம் வேண்டாம். வா, வீட்டுக்குப் போவோம்" என்று ஆவுடை கையைப் பிடித்தாள். பிள்ளை வந்தது. இரண்டு பேரும் முன்கேட்டைத் தாண்டித் தெருவில் நடந்து போவதை ஊர் முழுக்கப் பார்த்தது. தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேர். வீட்டு வாசலுக்கு வந்தபோது ஆவுடை மட்டும், வலது கை மணிக்கட்டுவரை ஈரமாக.

அதற்குப் பிறகு கோமு வரவில்லை.

மார்கழியில் ஒருநாள், மூன்று மணிக்கு, ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொல்லி அம்மாவின் கையில் ஒப்படைத்து முடித்து, டீச்சர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஆவுடை உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். பாக்கியத்தாய் இருவரையும் பார்த்துவிட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஆவுடை. "கேட்டத் தாண்டிப் போனான்னு நீங்க சொன்னதுனால, அதுக்கு முன்ன என்ன நடந்துதுன்னு நான் யாருகிட்டயும் கேக்கல. கேட்டா நீங்க அதுக்கும் ஒண்ணு சொல்லியிருப்பிய. இப்ப சொல்லுங்க. அன்னைக்கு அவ சாப்பிட்டாளா?"

டீச்சர் கையிலிருந்த பாயைக் கீழே வைத்தாள்.

"சாப்பிட்டா. பருப்புச் சாதம். முட்டைல வெள்ளையத் தின்னுட்டு மஞ்சளக் கைல வச்சிருந்தா, நான் அதட்டவும் தின்னா."

"தூங்கினாளா?"

"படுத்தா. தூக்கம் வரல. பக்கத்துப் பிள்ள காதுல என்னமோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே இருந்தா. பேசாமப் படுன்னேன். கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, தூங்குத மாதிரி நடிச்சா. ஒரு கண்ணத் திறந்து நான் பாக்கேனான்னு பாத்தா."

ஆவுடையின் முகத்தில் ஒன்று அசைந்தது. "வீட்டுலயும் அப்படித்தான் செய்வா" என்றாள். "என்னையக் கேட்டாளா?"

"கேட்டா. அம்மா எப்ப வருவான்னு கேட்டா. மூணு மணிக்கு வருவான்னு சொன்னேன். மூணுன்னா எத்தனைன்னு கேட்டா, விரலக் காட்டினேன். அவளும் மூணு விரல மடக்காம வச்சுக்கிட்டுப் படுத்தா. அது வரைக்கும்தான் பாத்தேன். அதுக்குப் பிறகு திரும்பிக்கிட்டேன்."

வெளியே பாக்கியத்தாய் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. ஆவுடை அழவில்லை. சேலை முந்தியை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு எழுந்தாள். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு வாரேன். ஆரம்பத்துல இருந்து இன்னொருதடவ சொல்லுங்க. காலைல அவ உள்ள வந்ததுல இருந்து."

மறுநாள் மூன்று மணிக்கு அவள் வந்தாள்.